ஐந்தடி நிழல்

அந்த அக்காவின் முகம் எனக்கு நினைவில்லை. எத்தனையோ முறை கண்ணை மூடி யோசித்துப் பார்த்துவிட்டேன். சாயம் போன அரக்குச் சேலை வருகிறது, தலையில் சும்மாடு வருகிறது, உப்புத் தண்ணீரில் ஊறி வெளிறிப்போன பாதங்கள் வருகின்றன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே வெள்ளை வெளிச்சம். உப்பளத்தில் வெயிலுக்கு எதிரே நிற்பவர்களைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் அவருடைய நிழல் கொஞ்சமும் கலையாமல் நினைவிருக்கிறது. அதை நான் அளந்திருக்கிறேன். தப்பாக அளந்தேன் என்பது வேறு விஷயம்.

அப்போது நான் சென்னையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். சுதந்திரம் வந்து பத்து வருடம் போல ஆகியிருந்தது. தொழிலாளர்களுக்கென்று புதிது புதிதாகச் சட்டங்கள் வந்திருந்தன. எல்லாம் எங்கள் பாடப் புத்தகத்தில் பத்திரமாக இருந்தன. தொழிலாளர் வழக்குகளை நடத்திவந்த வக்கீல் ஒருவர் கல்லூரிக்கு வந்து பேசினார். கோடை விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து மாம்பழம் தின்பதற்குப் பதிலாக, வேலை நடக்கிற இடத்துக்கே போய் இருந்து, தொழிலாளர்களின் குறைகளை வாக்குமூலமாக எழுதிக்கொண்டு வர யாராவது தயாரா என்று கேட்டார். நான்கு பேர் கை தூக்கினோம். இப்போது இதற்கு இன்டர்ன்ஷிப் என்று பெயர். முடித்தால் சான்றிதழ் தருகிறார்கள். அன்று அதற்குப் பெயரும் கிடையாது, காகிதமும் கிடையாது.

ஒருவன் பீடித் தொழிலாளர்களிடம் போனான். ஒருவன் மதுரையில் மில்லுக்கு. ஒருவன் பாம்பனில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்களிடம். எனக்கு அபிராமம் சொந்த ஊர் என்பதால் சாயல்குடிக்குத் தெற்கே கடலோரத்து உப்பளத்தைக் கொடுத்தார்கள். அபிராமத்துக்காரன் உப்பைப் பார்ப்பது சாப்பாட்டு இலையில்தான் என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியாது. அய்யாவிடம் சொன்னபோது, வக்கீலுக்குப் படிக்க அனுப்பினால் உப்பு அள்ளக் கிளம்பிவிட்டாயா என்று மட்டும் கேட்டார். பிறகு தன்னுடைய கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

சாயல்குடியில் ஒரு ஜவுளிக்கடையின் பின்னறையில் தங்கிக்கொண்டேன். விடிந்ததும் கடைக்கார பாயின் சைக்கிளை வாங்கிக்கொண்டு உப்பளத்துக்குப் போவேன். முதல் நாள் பார்த்தது இன்னமும் கனவில் வருகிறது. தரை இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, வானந்தான் கீழே இறங்கிக் கிடக்கிறதா என்று சொல்ல முடியாத வெள்ளை. பாத்தி பாத்தியாக வானம். நடுவே கோடு கிழித்தது போல வரப்புகள். வரப்பின் மேல் தலையில் உப்புக்கூடையோடு பெண்கள் வரிசையாக மிதந்து போனார்கள். கானலில் அவர்களுடைய கால்கள் தெரியவில்லை. சத்தமே இல்லை. எப்போதாவது கணக்கர் கொட்டகையின் முன்னால் தொங்கிய தண்டவாளத் துண்டை யாரோ தட்டுவார்கள். லாரி வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். உடனே மிதந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம் கால் முளைக்கும். கூடைகளோடு உப்பு அம்பாரத்தை நோக்கி ஓடுவார்கள். லாரி போனதும் மறுபடி மிதப்பார்கள்.

புகார் இதுதான். விடிந்ததிலிருந்து வேலை முடிகிற வரைக்கும் பெண்களை உட்கார விடுவதில்லை. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவே அரை மணி ஓய்வு தர வேண்டும் என்று சட்டம் சொன்னது. கூரையும் சுவரும் இல்லாத உப்பளம் தொழிற்சாலை ஆகுமா, அந்தச் சட்டம் அதற்குச் செல்லுமா என்று பெரிய பெரிய வக்கீல்களே வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. நான் போவதற்கு முந்தின மாதம் ஒரு பெண் வரப்பிலேயே சுருண்டு விழுந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம். பிள்ளை தங்கவில்லை. அவள் அந்த அக்காவின் தம்பி மகள்.

மற்ற பெண்கள் அக்காவை 'அளவுக்காரி' என்றுதான் சொல்வார்கள். கேலியாகத்தான். தன்னுடையது எதையும் அவர் அடுத்தவரை அளக்க விடமாட்டார். ஒருநாள் நான் தங்கியிருந்த கடைக்கே சேலை எடுக்க வந்தார். பாய் இரும்புக் கஜக்கோலை வைத்து அளந்து காட்டினார். அக்கா அதைப் பார்க்கவே இல்லை. சேலையை வாங்கி, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் வைத்து, உதடு அசைய முழம் முழமாகப் போட்டுக்கொண்டே போனார். கடையில் கூட்டம். பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. கம்பிக்குச் சர்க்கார் முத்திரை இருக்கிறது, உன் கைக்கு இருக்கிறதா என்று கேட்டார். அக்கா அளந்து முடிக்கிறவரை பதில் சொல்லவில்லை. முடித்த பிறகு, "கட்டப்போறது நானு" என்றார். பாய் சிரித்துவிட்டார். அதன் பிறகு அவர் வந்தால் கஜக்கோலை எடுப்பதே இல்லை.

காய்ச்சல் கண்டபோதும் இதே கதை என்று அவருடைய தம்பி மகள் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் இல்லை, போகலாம் என்றார்களாம். இவர் தன் புறங்கையைத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்று அங்கேயே பெஞ்சில் படுத்துக்கொண்டாராம். சாயங்காலம் உடம்பு கொதித்ததாம். எனக்கு முதலில் இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. பிறகு கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. படித்தவனுக்கு அப்படித்தான் இருக்கும்.

எரிச்சலுக்குக் காரணம் நிழல். எத்தனை மணிக்கு வேலை தொடங்குகிறது, எத்தனை மணிக்கு உட்காருகிறீர்கள் என்று கேட்டால், எல்லாப் பெண்களும் அடிக்கணக்கில் சொன்னார்கள். வெயிலில் நேராக நின்று, தலையின் நிழல் விழுகிற இடத்தைக் குறித்துக்கொண்டு, அது வரைக்கும் அடி மேல் அடி வைத்து நடந்து எண்ணுவார்கள். காலையில் பன்னிரண்டு அடி, வெயில் ஏற ஏற ஏழு, நாலு, இரண்டு. உச்சிக்குப் பிறகு நிழல் கிழக்கே விழுந்து மறுபடி வளரும். உயரமானவர்களுக்குப் பாதம் நீளம், குட்டையானவர்களுக்குப் பாதம் சிறிது என்பதால் யார் அளந்தாலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றாகவே வரும். அக்கா மட்டும் அரையடி வரைக்கும் துல்லியமாகச் சொல்வார்.

"நெழலு கெழக்க சாஞ்சு அஞ்சடி விழுகையிலதான் தம்பி மொதமொத உக்காருவோம். அதோட வேலயும் முடிஞ்சிரும்" என்றார்.

என் நோட்டில் ஐந்தடி என்று எழுதினால் நீதிமன்றம் சிரிக்கும் என்று நினைத்தேன். அடியை மணியாக மாற்ற ஓர் அட்டவணை போடுவது என்று முடிவு செய்தேன். அய்யாவின் கடிகாரம் கையில் இருக்கும்போது என்ன கவலை. அக்காதான் துல்லியமானவர், அவருடைய நிழலையே எடுத்துக்கொள்ளலாம். கேட்டேன். முடியாது என்றார். நானே அளந்து சொல்கிறேன், நீங்கள் கடிகாரத்தைப் பாருங்கள் என்றார். ஆனால் கூடையை இறக்கி, நின்று, குறித்து, நடந்து எண்ணுவதற்குள் கங்காணி தூரத்திலிருந்து கத்தினான். அவர் மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அடுத்த நடையிலும் அப்படியே ஆயிற்று. என்னைப் பார்த்தார். வெயிலில் என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது.

"சரி, அளந்துக்கங்க" என்றார். "வெறுந்தலையா ஒரு நிமிசம் நின்னு தாரேன். சுருக்கா முடிங்க."

அவர் தன் வாழ்நாளில் இன்னொருவருக்கு அப்படி நின்று கொடுத்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். காலையிலிருந்து உச்சி வரை ஒவ்வொரு நடையிலும் கூடையை இறக்கிவிட்டு ஒரு நிமிடம் நின்றார். அவருடைய நிழலின் மேல் நான் அடி மேல் அடி வைத்து நடந்து எண்ணினேன். கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். பன்னிரண்டே காலுக்கு நிழல் மிகவும் சிறுத்தது, அதுதான் உச்சி. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தலை சுற்றியது. காலையில் இறங்கிய கணக்கிலேயே மாலையில் ஏறும், அதற்கு நான் நிற்க வேண்டுமா என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஜவுளிக்கடைப் பின்னறையில் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு, அட்டவணையை அழகாகக் கோடு போட்டு எழுதினேன். பெருமையாக இருந்தது.

பத்தொன்பது பெண்களின் வாக்குமூலம் அந்த அட்டவணைப்படி மணிக்கணக்கில் எழுதப்பட்டது. ஐந்தடி என்பது மூன்று மணி பத்து நிமிடம் ஆயிற்று. அக்காவிடம் படித்துக் காட்டியபோது அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"அது எத்தன அடி?"

ஐந்தடிதான் அக்கா என்றேன்.

"அப்ப அஞ்சடின்னே எழுதுங்க."

சட்டத்துக்கு அடிக்கணக்கு தெரியாது, மணிதான் தெரியும் என்று விளக்கினேன். அவர் வெகுநேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைநாட்டு வைக்கிறவர்களுக்கு அடுத்த உப்புப் பருவத்தில் வேலை கிடையாது என்று கங்காணி ஏற்கெனவே சொல்லித் திரிந்தான். மற்றவர்கள் அக்கா வைத்தால் வைக்கிறோம் என்று நின்றார்கள். கடைசியில் மையைத் தொட்டு முதல் ஆளாக வைத்தார். அவருடைய பெருவிரல் ரேகை உப்பில் தேய்ந்துபோய், காகிதத்தில் வெறும் வட்டமாக விழுந்தது.

இரண்டு வாரம் கழித்துத் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்தார். கணக்கர் கொட்டகையில் நாற்காலி போட்டிருந்தார்கள். மேனேஜர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். கைநாட்டு வைத்தவர்கள் சார்பில் அக்காவை மட்டும் கூப்பிட்டிருந்தார்கள்; மற்றவர்கள் பாத்தியில் வேலையாக இருந்தார்கள். நான் ஓர் ஓரமாக நின்றேன். இஸ்திரி போட்ட சட்டையும், மதுரையில் வாங்கிய தடித்த தோல் செருப்பும் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

தினமும் பதினொரு மணிக்கு மணி அடித்து அரை மணி ஓய்வு விடுகிறோம் என்றார் மேனேஜர். இந்தப் பெண்கள் முதன்முதலாக உட்காருவதே மூன்று பத்துக்குத்தான் என்று எழுதியிருக்கிறதே என்று அதிகாரி காகிதத்தைக் காட்டினார். மேனேஜர் அவசரப்படாமல் சிரித்தார். உப்பளத்தின் கேட்டை மூன்று மணிக்குப் பூட்டிவிடுவோம், அதற்கு முன்பே எல்லாரும் வெளியே போய்விடுவார்கள், இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். கேட் எப்போது பூட்டுகிறது என்று எனக்குத் தெரியாது. நான் ஒருநாள்கூட அதுவரைக்கும் அங்கே இருந்ததில்லை.

"மூணு பத்துன்னு நீதான் சொன்னியாம்மா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"நான் அஞ்சடின்னு சொன்னேன்" என்றார் அக்கா. பிறகு மெல்லத் திரும்பி என் கால்களைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். செருப்போடு சேர்த்து என் கால் அவருடைய காலைவிட நாலு விரற்கடை நீளம். அவருடைய நிழலை என் காலால் அளந்திருக்கிறேன். அட்டவணை முழுக்கத் தப்பு. பத்தொன்பது வாக்குமூலமும் தப்பு. நான் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றுவரைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

"அந்தத் தம்பி மேல குத்தமில்ல அய்யா" என்றார் அக்கா. "எம் நெழல அவுக காலால அளக்க நாந்தான் நின்னு குடுத்தேன்."

மேனேஜர் சிரித்தார், கணக்கர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் காகிதங்களை அடுக்கி, நாடாவை எடுத்துக் கட்டத் தொடங்கினார். இதை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் செய்ய முடியாது தம்பி என்று என்னிடம் வருத்தமாகத்தான் சொன்னார். அக்கா கொட்டகையின் விளிம்பில், பாதி நிழலிலும் பாதி வெயிலிலுமாக நின்றார். தம்பி மகள் பாத்தியில் கூடையோடு நடந்துகொண்டிருந்தாள், அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் அத்தோடு விட்டிருக்கலாம். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மணி பதினொன்று ஆகப்போகிறது, எங்கள் வழக்கத்தை நீங்களே பார்த்துவிட்டுப் போங்கள் என்று அதிகாரியை நிறுத்தினார். கங்காணியிடம் கண்ணைக் காட்டினார். கங்காணி தண்டவாளத் துண்டை ஓங்கித் தட்டினான்.

பாத்தியில் இருந்த அத்தனை பெண்களும் ஓடினார்கள்.

கூடையை நிரப்பித் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு, வரப்பில் வழுக்கி, ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு அம்பாரத்துக்கு ஓடினார்கள். ஓடிப்போய் நின்று ரோட்டைப் பார்த்தார்கள். லாரி இல்லை. வெறும் கானல் ஆடிக்கொண்டிருந்தது. உப்புக்கூடை தலையில் இருக்க, நாற்பது பேர் அந்த வெள்ளைக்குள் லாரியைத் தேடிக்கொண்டு நின்றார்கள். அந்த மணிக்கு இன்னொரு அர்த்தம் உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மேனேஜருக்கும் சொல்ல வேண்டுமென்று தோன்றவில்லை. மணி அடித்தால் உட்கார்ந்துவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறார்.

கங்காணி வரப்பில் ஓடி, உட்காருங்கள் உட்காருங்கள் என்று கையை ஆட்டினான். அக்காவின் தம்பி மகள்தான் கேட்டாள்: "எங்கன உக்கார?"

இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். நடுவே ஒற்றையடி வரப்பு. அவள் நையாண்டியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே இடம் தெரியாமல் கேட்டாள்.

அதிகாரி எழுந்து கொட்டகையை விட்டு வெளியே வந்தார். வெகுநேரம் பெண்களைப் பார்த்தார். அதற்குள் அக்கா வெயிலில் இறங்கி, நேராக நின்று, குறித்து, அடி வைத்து முடித்திருந்தார். "ரெண்டரை" என்றார். அதிகாரி தன் கடிகாரத்தைப் பார்த்தார், பதினொன்று. நாடாவை மறுபடி அவிழ்த்தார். உன் ஐந்தடி வருகிறவரைக்கும் நான் இங்கேயே இருக்கிறேன் அம்மா என்றார். இருந்தார். உச்சி கடந்து நிழல் கிழக்கே திரும்பியது. நானும் அன்றுதான் முதன்முதலாக அங்கே அதுவரை நின்றேன். அக்கா அளந்து ஐந்து என்று சொன்னபோது அதிகாரியின் கடிகாரத்தில் மூன்று ஆக இருபது நிமிடம் இருந்தது. பெண்கள் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார்கள். அதிகாரி எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். 'நிழல் கிழக்கே ஐந்தடி விழும்போது' என்றே எழுதியிருந்தார். மணியை அதன் பக்கத்தில் சிறிதாகப் போட்டிருந்தார்.

ஓய்வு தரச் சொல்லி மழைக்காலத்துக்கு முன்பே உத்தரவு வந்துவிட்டதாகக் கல்லூரிக்குச் செய்தி வந்தது. அடுத்த கோடையில் யாரும் அனுப்பாமல் நானே போனேன். அம்பாரத்துக்குப் பக்கத்தில் பனையோலைக் கொட்டகை ஒன்று நின்றது. பதினொரு மணிக்குத் தண்டவாளத்தைத் தட்டினார்கள். பெண்கள் கூடையை வைத்துவிட்டு உள்ளே போனார்கள். எண்ணிப் பார்த்தேன். அக்கா இல்லை.

அந்த வருடம் அவரை வேலைக்குச் சேர்க்கவில்லை. ஆள் நிறைந்துவிட்டது என்று கங்காணி சொல்லியிருக்கிறான். அது எதற்காக என்று எல்லாருக்கும் தெரியும். காகிதத்தில் எதுவும் இல்லாததால் ஊரில் யாராலும் அதைக் கேட்க முடியவில்லை. வழக்காகக் கொண்டுபோக நான் கற்ற சட்டத்தில் வழி இருந்தது. அக்கா அதற்கு வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஊருக்கு வெளியே பனங்காட்டில் ஓலை வேய்ந்த ஒரு சார்ப்புக்கு அடியில் உட்கார்ந்து ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தார். நான் போய் எதிரே உட்கார்ந்தேன். ஒரு வருடமாக மனத்தில் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் சொல்ல நினைத்தேன். என் தப்பு, அன்றைக்கு நான் பேசாமல் நின்றது, அவருக்கு வேலை போனது. ஏதோ தொடங்கினேன். அவர் கையை அசைத்து நிறுத்தினார்.

"மணி அடிக்கிறாகளா தம்பி?"

அடிக்கிறார்கள் என்றேன்.

"எத்தன அடில?"

அன்று காலையில் மணி அடித்ததும் நான் கொட்டகைக்கு வெளியே வெயிலில் போய் நின்றிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு அளந்தேன். கால் பொரிந்துவிட்டது. "ரெண்டரை அக்கா" என்றேன்.

"யாரு நெழலு?"

"என் நெழல்தான். என் காலாலதான் அளந்தேன்."

அவர் ஓலையைக் கீழே வைத்தார். "அப்பச் சரியாத்தான் அடிக்கிறாக" என்றார். பிறகு, குரல் இறங்கி, "எந் தம்பி மக உக்காருதா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் மறுபடி கர்ப்பமாக இருந்தாள். காலையில் கொட்டகைக்குள் முதல் ஆளாகப் போய், தூணில் சாய்ந்து, காலை நீட்டிக் கண்ணை மூடியதை நான் பார்த்திருந்தேன். அதைச் சொன்னேன்.

அக்கா அன்று நல்ல நிழலில் உட்கார்ந்திருந்தார். எதிரே, ஒரு கை தூரத்தில். அவருடைய முகத்தை அந்த ஒரு முறை நான் சரியாகப் பார்த்திருக்கலாம். என் கண் முழுக்கத் தண்ணீர் நின்றதால் முடியாமல் போயிற்று.